வாளி நிறையும் வரை

லோவான் டீச்சரின் வகுப்பில் எல்லா அம்மாக்களுக்கும் ஒரே கூந்தல்தான். கறுப்பாக, நீளமாக, ஓடை மாதிரி முதுகில் வழியும். எல்லா அப்பாக்களுக்கும் சதுர முகம், காய்த்துப்போன கை. டீச்சர் மாதிரிக் கட்டுரையைச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொள்வோம், மனப்பாடம் செய்வோம், பரீட்சையில் கொட்டுவோம். என் அம்மாவின் முடி கழுத்து வரைதான். அதை வருடா வருடம் இடுப்பு வரை வளர்த்து, நானும் பத்துக்கு ஒன்பது வாங்கிவந்தேன்.

ஏழாம் வகுப்பில் நகரப் போட்டியின் விதி மாறியது. படித்த கட்டுரை எதுவும் வரக் கூடாது, ஆளைச் சொந்தமாகப் படைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பள்ளிக்கு மூன்று இடம். பயிற்சிக்கு ஐந்து பேர் போனோம். வெள்ளிக்கிழமை பட்டியல் போய்விடும். போட்டியில் ஜெயித்தவர்களை ஹாய் ஃபோங் நகரின் சிறப்புப் பள்ளி எடுத்துக்கொள்ளும். அங்கே யாரும் கட்டுரையைச் சொல்லி எழுதவைப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"நாலு விஷயம் வேணும்" என்றார் டீச்சர். "முகம், நடை, பேச்சு. அப்புறம், யாரும் பாக்காதப்ப அந்த ஆள் செய்யற ஒரு காரியம். காத்துலேருந்து புடுங்காதீங்க. கண்ணால பாத்ததை எடுத்து ஒட்டுங்க."

நான் ஒட்டினேன். பிக் என்று ஒருத்தியைப் படைத்தேன். நண்டு நூடுல்ஸ் விற்பவள். மேல் உதட்டில் மச்சம், அதில் ஒற்றை முடி. லாரி ஹாரன் மாதிரிக் குரல். கொஞ்சம் குழம்பு கூடக் கேட்டால் கரண்டியைக் காட்டி, "ஆத்துல போய்க் குடி" என்பாள். வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவியதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். குழாயைத் திறந்து வாளியை வைப்பாள். வாளி நிறையும் வரை அழுவாள். நிறைந்ததும் நிறுத்திவிடுவாள், தண்ணீர் வீணாகக் கூடாது என்பதற்காக.

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். செல்போனில் படம் எடுத்து, பெற்றோர் குழுவில் போட்டார். கீழே, 'இப்படி எழுதணும்' என்று ஒரு வரி.

பிக்கின் மச்சமும் குரலும் கரண்டியும் எங்கள் சந்து முனையில் கடை போட்டிருக்கும் துயெத் அத்தையுடையவை. அவர் மகள் தோம் என் வகுப்புதான், பயிற்சிக்குப் போன ஐந்து பேரில் ஒருத்தி. இதையெல்லாம் நான் யோசிக்காமல் இல்லை. கதையில் வருகிற ஆள் வேறு, நிஜ ஆள் வேறு என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் ஊரில் ஆளை வருணிக்கும் கட்டுரை என்றால் அது ஒரு நிஜ ஆளைப் பற்றித்தான். இடுப்பு வரை கூந்தலைக்கூட யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் மதியமே துயெத் அத்தை எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"குயென் அம்மா, வெளிய வா. உம் பொண்ணு பெரிய எழுத்தாளியாமே. எனக்குச் சிலை வெச்சிருக்கா, வந்து பாரு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னாச்சுக்கா?"

"படி." செல்போனை அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். "மச்சம் என்னுது. வாய் என்னுது. சரி, போகட்டும். நண்டுல மாவு கலக்கறேன்னு எழுதியிருந்தாக்கூட, போடி சனியனேன்னு விட்டிருப்பேன். நான் அழறேனாம்! குழாயைத் தொறந்து வெச்சுக்கிட்டு!" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, எந்தச் சுவத்து ஓட்டை வழியாப் பாத்தே?"

"நான் பாக்கல அத்தை. அது நீங்க இல்ல. அது பிக்."

"பிக்காம். அப்ப அந்தப் பிக்குக்கு எதுக்குடி என் மச்சம்? உங்கம்மா மூஞ்சில இடமில்லையா?"

அம்மா படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிகளுக்கு வந்தபோது அவள் கட்டைவிரல் திரையில் அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சின்னப் பொண்ணுக்கா. ஏதோ கற்பனை."

"கற்பனையா? இந்தச் சந்துல இத்தனை வருஷமா எவன் முன்னாடியும் நான் கண்ணைக் கசக்கினது கிடையாது. அதனாலதான் எவனும் என் அடுப்பை எட்டி உதைச்சது கிடையாது. காலைலேருந்து சாப்பிட வர்றவனுங்க, 'அக்கா, வாளி நிறைஞ்சுதா'ன்னு கேக்கறானுங்க. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வர்றேன். உங்க கற்பனையை அங்க வந்து சொல்லுங்க."

அவர் போனதும் அம்மா உள்ளே போய் அரிசி களைந்தாள். நான் வாசல்படியிலேயே நின்றேன்.

"இனிமே வீட்டுக்குள்ள கண்ணை வெச்சுக்கிட்டுச் சுத்தாதே" என்றாள், திரும்பாமல்.

தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கு அப்பா வரவில்லை. சரக்குக் கப்பலில் இருக்கிறார், தினமும் பேசுகிறார் என்று அம்மா சந்தில் சொல்லிவைத்திருந்தாள். அப்பாவின் எண் ஐந்து மாதமாக அணைந்துகிடந்தது. துயெத் அத்தைக்கு அது தெரிந்தால், நூடுல்ஸோடு சேர்த்து அதையும் ஊருக்குப் பரிமாறிவிடுவார்.

வியாழக்கிழமை ஆசிரியர் அறையில் எங்களை உட்காரவைத்தார்கள். மேசைக்கு ஒரு பக்கம் துயெத் அத்தை, மறுபக்கம் அம்மா. நடுவில் யாரும் தொடாத பச்சைத் தேநீர். லோவான் டீச்சர் என் முன்னால் ஒரு தாளை வைத்தார். சுயவிமர்சனத் தாள். தப்பு செய்கிற எல்லோரும் எழுதுவது. தலையில் நாட்டின் பெயர், அதன் கீழே 'விடுதலை – சுதந்திரம் – மகிழ்ச்சி' என்ற அரசு முழக்கம், அதற்கும் கீழே என் பெயர், என் குற்றம், அதற்குக் காரணம், இனிச் செய்ய மாட்டேன் என்ற உறுதி. கடைசியில் பெற்றோர் கையெழுத்து. அன்று பாதிக்கப்பட்டவருக்கும் ஒரு கோடு போட்டிருந்தார்.

"ஒழுங்கா எழுதிக் கொடுத்தா பட்டியல்ல உன் பேர் இருக்கும்" என்றார் டீச்சர். "சண்டையை என் தலைல கட்டிட்டுப் போனா இருக்காது."

குற்றத்தை எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் 'கற்பனை' என்று எழுதினேன்.

டீச்சர் சிவப்புப் பேனாவால் அதை அடித்தார். "கற்பனைன்னா ஒரு காரணமா? மச்சத்தை இவங்ககிட்டேருந்து எடுத்தே. ஒத்துக்கிட்டே. அழுகையை எங்கேருந்து எடுத்தே?"

"நீங்கதான் டீச்சர், கண்ணால பாத்ததை ஒட்டச் சொன்னீங்க."

"அதைத்தான் கேக்கறேன். யாரைப் பாத்தே?"

"அப்படிக் கேளுங்க" என்றார் துயெத் அத்தை. "என்னைப் பாத்தாளா, இல்ல வேற எவளையாவது பாத்தாளா? வேற எவள்னா அவ பேரை எழுதட்டும். நான் எழுந்து போயிடறேன்."

அம்மா தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

துயெத் அத்தையின் கண்கள் என்மேலிருந்து நகர்ந்து அம்மாவின் மேல் போயின. அங்கேயே நின்றன. விலை படியாத நண்டைப் புரட்டிப் பார்ப்பது போலப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம் போனால் அவருக்குப் புரிந்துவிடும் என்று தோன்றியது.

துயெத் அத்தை என்று எழுதினால் அது பொய். அம்மா என்று எழுதவே முடியாது. என் தலையிலிருந்து வந்தது என்றால் நம்ப ஆள் இல்லை. இந்த அறையில் எல்லோரும் நம்பக்கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

'மாதிரிக் கட்டுரைப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக் காப்பி அடித்தேன்' என்று எழுதினேன். 'மச்சத்தை மட்டும் நான் சேர்த்தேன்.'

டீச்சர் தாளை இழுத்துப் படித்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"நினைச்சேன்" என்றார். "பன்னெண்டு வயசுல எவ இப்படி எழுதுவா? எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு."

துயெத் அத்தை தாளை வாங்கி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "புத்தகமா? அப்ப அது எவளோ ஒருத்தி. எங்க இருக்கறவளோ."

"ஆமா அத்தை."

"திருட்டுக் கழுதை. திருடினதுதான் திருடினே, என் மச்சத்தை ஏண்டி அதுல நட்டே?" கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்திப் போட்டார். அம்மாவும் போட்டாள். சின்னதாக, ஒரு மூலையில்.

டீச்சர் பட்டியலை எடுத்தார். "காப்பி அடிக்கிறவளை நான் போட்டிக்கு அனுப்ப முடியாது. புரியுதில்ல?" கேள்வி மாதிரிக் கேட்டாலும் பேனா அதற்குள் என் பெயரின் மேல் ஓடிவிட்டது. கீழே தோம் என்று எழுதினார். துயெத் அத்தை அதைப் பார்த்துவிட்டு, ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

மோட்டார் பைக்கில் வீட்டுக்குத் திரும்பும்போது, பாலத்து சிக்னலில் அம்மா கேட்டாள்.

"இவ்வளவு பொய் சொல்ல எங்கடி கத்துக்கிட்டே?"

"பள்ளிக்கூடத்துல."

பச்சை விழுந்தது. தேவைக்கு மேல் வேகமாக வண்டியைக் கிளப்பினாள். நான் பின்னிருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், அவள் இடுப்பைப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் தோம் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அந்தப் புத்தகத்தோட பேர் என்ன?"

"எதுக்கு?"

"எதுக்கா? நான் போட்டிக்குப் போகணும்ல. எங்கம்மா சனிக்கிழமை பூரா என்னைக் கூட்டிட்டுக் கடை கடையா அலைஞ்சுட்டா. எந்தக் கடையிலயும் இல்ல. ஒளிச்சு வெச்சிருக்கே இல்ல?"

"பழைய புத்தகம். அட்டை கிடையாது."

"அப்ப அதையே கொடு. உனக்கு இனிமே எதுக்கு?"

"தொலைச்சுட்டேன்."

"சுயநலம் புடிச்சவளே." தோம் என் பென்சில் பெட்டியைத் திறந்து பார்த்தாள், பிறகு பையைத் திறந்தாள், பிறகு மேசைக்கு அடியில் குனிந்து தேடினாள். நான் தடுக்கவில்லை. "கொடுக்கலேன்னா டீச்சர்கிட்ட சொல்லுவேன். அவங்களும் கேட்டுக்கிட்டிருக்காங்க, தெரியுமா? எல்லா வகுப்புக்கும் அதுலேருந்து சொல்லி எழுதவைக்கலாம்னு."

"சொல்லிக்கோ" என்றேன்.