பத்து அம்பியரில் பால் காய்ச்சியது

கெட்டிலுக்குள் பால் விழுகிற சத்தத்தில்தான் ரதிதேவிக்கு முழிப்பு வந்தது. மோட்டர்ஹோம் கட்டிலில் எழுந்து இருந்தால் தலை கூரையில் இடிக்கும் என்பதை இரண்டு நாளில் இரண்டு தரம் இடித்துப் படித்திருந்தாள். ஆகவே ஒருக்களித்துப் படுத்தபடியே பார்த்தாள். குணரத்தினம் வேட்டி கட்டி, மேலே பஸ் கம்பனி கொடுத்த ஜாக்கெட்டைப் போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, நீலமூடிப் பால் போத்தலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கெட்டில் அவளுடையது. ஒக்லாந்தில், ஹில்ஸ்பரோ வீட்டுக் குசினியிலிருந்து துவாயில் சுற்றி அவளே கொண்டுவந்தது.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?"

"எழும்பும், எழும்பும். ஒன்பது பத்துக்கு நல்ல நேரம் தொடங்குது, ஒன்பது அம்பதோட முடியுது. தம்பி நவரத்தினம் பஞ்சாங்கம் பாத்து அனுப்பினவன். பால் காய்ச்ச வேணும்."

"கெட்டில்லயோ?"

"காஸ் அடுப்புக்கு இன்னும் சேர்ட்டிபிக்கேட் வரேல்லை, பத்தவைக்கேலாது. கெட்டிலும் கொதிக்கும்தானே? கொதிச்சாச் சரி."

கொதித்தால் சரியாம்! இருபத்திரண்டு வருசம் பஸ் டிப்போவில் இருந்து ஊருக்கெல்லாம் நேர அட்டவணை போட்ட மனிதர். பாலுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது. வாயைத் திறந்தால் காலையிலேயே சண்டை வரும் என்று அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரேவாவில், வண்டிகளை நிறுத்தித் தங்குகிற இந்தக் காம்புக்கு வந்து இறங்கியதிலிருந்து கெட்டில் பிரச்சினைதான். வயரைக் கரண்ட் கம்பத்தில் கொழுவினால் வீட்டைப் போலவே எல்லாம் வேலை செய்யும் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தார். கொழுவினார். ஹீட்டரைப் போட்டார். அவள் தேத்தண்ணிக்குக் கெட்டிலைப் போட்டாள். டக். எல்லாம் செத்துப்போயிற்று. விழுந்த சுவிட்சைத் தூக்கிவிடலாமென்றால் கம்பத்துப் பெட்டிக்குப் பூட்டு, அந்தப் பூட்டின் திறப்பு காம்ப் ஒஃபிஸில். அங்கிருந்து வந்த வெள்ளைக்காரர், இது பழைய கம்பம், பத்து அம்பியர்தான் தரும், உங்கள் கெட்டில் ஒன்றே அதைத் தின்றுவிடும், கூட வேறொன்றும் போடாதீர்கள் என்று சின்னப்பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சனிக்கிழமை காலை மைக்ரோவேவ். மறுபடியும் டக். பக்கத்தில் நின்ற கரவன் வண்டிக்கும் அதே கம்பம்தான், இவர்களுடையது விழுந்தால் அவர்களுடையதும் விழும். அதில் இருந்த ஷிவ் பிரசாத்தும் பிம்லாவும் ஃபிஜி இந்தியர்கள். பாதியில் நின்றுபோன தொலைக்காட்சிக்காக இரண்டு தரமும் மன்னிப்புக் கேட்கப் போனது ரதிதேவி. 'பொம்பிளையள் போய்க் கதைச்சால் கோவிக்கமாட்டினம்' என்று அனுப்பிவிட்டு, அவர் உள்ளே இருந்து சுவரில் ஒட்டுவதற்குப் பட்டியல் எழுதினார். கெட்டில் போட்டால் ஹீட்டர் ஓஃப். ஹீட்டர் போட்டால் கெட்டில் ஓஃப். மைக்ரோவேவ் போட்டால் எல்லாம் ஓஃப். கீழே கோடு வேறு அடித்திருந்தார்.

இதையெல்லாம் ஒரு கிழமை லீவில் அனுபவித்துவிட்டுப் போவதென்றால் அவளும் சிரித்திருப்பாள். ஆனால் இது லீவு இல்லை. பென்சன் எடுத்த கையோடு வண்டியை வாங்கிய மனிதர், ஹில்ஸ்பரோ வீட்டை விற்றுவிட்டு இதிலேயே இருந்து நாடு முழுக்கச் சுற்றலாம் என்று முடிவே கட்டிவிட்டார். நாளை திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வீடு விற்கிற ஏஜென்ட் பேப்பரோடு வருகிறார். வீடு இரண்டு பேருடைய பேரிலும் இருக்கிறது, அவளும் கையெழுத்து வைக்கவேண்டும். மூன்று கிழமையாக அவள் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பால் காய்ச்சல். புது வீட்டில் வீட்டுக்காரியின் கையால் பால் பொங்கி வழிந்துவிட்டால் அது வீடு. பிறகு பேப்பரில் வைக்கிற கையெழுத்து ஒரு பெரிய விசயமா? அவருடைய கணக்கு அவளுக்கு நன்றாகவே விளங்கியது.

"வண்டிக்குப் பால் காய்ச்சினதை உலகத்தில ஆர் கண்டது?" என்று நேற்றுக் கேட்டுப் பார்த்தாள்.

"இது வண்டியில்லை ரதி, வீடு. கட்டில் இருக்கு, குசினி இருக்கு, கக்கூஸ் இருக்கு. வேற என்ன வேணும்?"

வேற என்ன வேணுமாம். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டுக் கைக்குழந்தையோடு உழவு மெஷின் பெட்டியில் ஏறிய நாளிலிருந்து ஒக்லாந்து வந்து சேருகிற வரைக்கும் ரதிதேவி பதினொரு இடத்தில் குசினி வைத்தவள். பதினொரு தரம் சட்டி பானையைச் சாக்கில் கட்டி, பதினொரு தரம் அவிழ்த்தவள். அந்த வருசங்களில் குணரத்தினம் இங்கே ஹோட்டலில் துப்புரவு வேலை செய்து காசு அனுப்பினார், பாவம், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு சட்டியைக்கூட அவர் கட்டியதில்லை. ஹில்ஸ்பரோ வீட்டில் பத்தொன்பது வருசமாக அகப்பை ஒரே இழுப்பு லாச்சியில் கிடக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் எடுப்பாள். இங்கே வண்டி வெளிக்கிடும்போதெல்லாம் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டவேண்டும். இதை அவள் அவருக்குச் சொன்னதேயில்லை, அவரும் கேட்டதேயில்லை.

அவள் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வந்தபோது மடக்கு மேசையில் சின்னதாய் ஒரு கும்பம், வாழைப்பழம், சுவரில் புளூடாக் பசை வைத்து ஒட்டிய பிள்ளையார். புகை அலாரம் கத்தும் என்று கற்பூரம் மட்டும் இல்லை. மணி ஒன்பது பன்னிரண்டு.

"ஹீட்டர்?" என்றாள்.

"ஓஃப்."

"மைக்ரோவேவ்?"

"எல்லாம் ஓஃப். கெட்டில் சுவிட்சை நீர் அமத்தும்."

"உங்கடை வீடு. நீங்களே அமத்துங்கோ."

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சுவிட்சை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் பால் அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அவள் மூக்கைச் சுளித்தாள். அவர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, "வருது, வருது" என்றார். டக். வந்தது அதுதான்.

வெளியே பிம்லா ஆங்கிலத்தில் கடவுளைக் கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது.

"என்ன கோதாரியப்பா! எல்லாம் ஓஃப் எண்டனியள்?"

குணரத்தினம் பட்டியலைப் பார்த்தார், கெட்டிலைப் பார்த்தார், பிறகு குளியலறைப் பக்கம் பார்த்தார். "சுடுதண்ணி ராங்க்" என்றார் மெல்ல. "இண்டைக்கெண்டாலும் நீர் அங்க பொதுக் குளியலறை லைனில நிக்காமல் உள்ளுக்கயே குளிக்கட்டும் எண்டு விடியவே போட்டு விட்டனான். அதை நிப்பாட்ட மறந்துபோனன்."

இந்த மனிதரை என்னதான் செய்வது? திட்டவும் முடியவில்லை. கெட்டிலின் அடியில் உள்ளங்கையளவு மண்ணிறமாய்ப் பிடித்திருந்தது. இனி அதில் தேத்தண்ணி வைத்தால் ஆறு மாசத்துக்குப் பால் மணக்கும்.

மன்னிப்புக் கேட்க மூன்றாம் தரம் இறங்கியபோது பிம்லா வாசலிலேயே நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருந்தாள், ஆனால் அவள் கண் ரதிதேவிக்குப் பின்னால் நின்ற வேட்டியிலும் திருநீற்றிலும் கும்பத்திலும் போய் நின்றது. புது வீட்டுப் பாலா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எங்கள் வீட்டிலும் செய்தோம், மாமியாரின் ஆட்கள் மதராஸ் பக்கம் என்றாள். இதற்கு ஏன் கெட்டில், காம்பின் பொதுக் குசினியில் நல்ல காஸ் அடுப்பு இருக்கிறதே என்று சொல்லித் தன்னுடைய கரவனிலிருந்து ஒரு பாத்திரமும் கொண்டுவந்து தந்தாள். குணரத்தினத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மணி ஒன்பது முப்பத்தெட்டு. கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அவர் புல்லுக்குள்ளால் ஓடினார்.

பொதுக் குசினியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தவர்கள் வேட்டியைக் கண்டதும் ஒதுங்கி இடம் விட்டார்கள். பால் பாத்திரத்துக்கு மாறியது. பிம்லா அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, புருசனைக் கூட்டி வருவதாகச் சொல்லிப் போனாள். குணரத்தினம் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்.

"வாரும், கிட்ட நில்லும். உம்மட கையால பொங்க வேணும்."

"எனக்கு இது விருப்பமோ எண்டு ஒருநாளெண்டாலும் கேட்டனியளோ?"

"கேட்டனான்தானே?"

"வண்டியில சீட்டுத்துணி என்ன கலர் எண்டு கேட்டனியள்."

ஃபோன் கொஞ்சம் தாழ்ந்தது. அடுத்த அடுப்பில் முட்டை பொரிந்தது. அவர் அவளைப் பார்க்காமல் பாலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீர் விடிய ஆறு மணிக்கு ஒனிஹங்காவுக்கு வேலைக்குப் போயிடுவீர். பின்னேரம் நாலு மணி வரைக்கும் அந்த வீட்டில நான் ஆரோட கதைக்கிறது? சுவரோடையோ? இதெண்டால் நீரும் வேலையை விட்டுட்டுப் பக்கத்தில இருப்பீர் எண்டு நினைச்சன்."

அவளுக்குப் பொல்லாத கோபம் வந்தது. இதைச் சொல்ல இந்த மனிதருக்கு இவ்வளவு பெரிய வண்டி தேவைப்பட்டதா? வாய் இருக்கவில்லையா?

"நான் பதினொரு தரம் குசினியைக் கட்டித் தூக்கினவள்" என்றாள். "பன்னிரண்டாம் தரம் என்னால ஏலாது."

அவர் வாயைத் திறந்தார். ஆனால் பால் ஏறத் தொடங்கிவிட்டது. நடுவில் சுருங்கி, ஓரத்தில் நுரை கட்டி, ஒரே மூச்சில் மேலே வந்தது. பிம்லா புருசனோடு ஓடிவந்து கைதட்டத் தயாராக நின்றாள். முட்டைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மணி ஒன்பது நாற்பத்தேழு.

"பொங்குது, பொங்குது! விடும் ரதி, வழியட்டும்!"

நுரை விளிம்புக்கு மேலே குமிழாய் எழும்பியது. ரதிதேவி கையை நீட்டி அடுப்பைத் திருகி அணைத்தாள். தட்டுவதற்கு உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. ஒரு சொட்டும் வெளியே போகாமல் பால் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.