நாற்பத்து நாலாம் நம்பர் சட்டை

வாரன் டில்லின் கதையைச் சுப்பையன் சொல்லத் தொடங்கிவிட்டால் நடுவில் யாரும் தப்ப முடியாது. பேர்லேண்ட் மீனாட்சி கோயில் கேன்டீனில் இட்லிக்கு வரிசையில் நிற்பவர்களும் சரி, பிறந்தநாள் விருந்தில் தட்டோடு மூலை தேடுபவர்களும் சரி, அகப்பட்டால் கேட்டே ஆக வேண்டும். மற்ற அப்பாக்கள் பிள்ளைக்கு மெடிக்கல் ஸ்கூல் கிடைத்ததைப் பேசுவார்கள். ஈரோட்டிலிருந்து வந்து ஹூஸ்டன் பக்கம் ஒரு கெமிக்கல் ஆலையில் இன்ஜினியராக இருக்கும் சுப்பையன், மகன் செழியன் ஆடுகிற வெதர்பி யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீமைப் பேசுவார். காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. ஆளை ஆள் இடித்துச் சாய்க்கிற அமெரிக்க ஃபுட்பால். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவருடைய குஞ்சு நூற்றுப் பத்து கிலோ இருந்தது.

கதை இதுதான். தோலில் ஹெல்மெட் தைத்த காலம். பரம எதிரியான லாஃப்டன் ஸ்டேட்டோடு ஆட்டம். கொல்லன் மகன் வாரன் டில் முதல் பாதியிலேயே மண்டை அடிபட்டு, காதில் ரத்தம் வடிய விழுந்தான். எழுந்தான். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு திரும்ப இறங்கினான். கடைசி நிமிடத்தில், கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், பந்தோடு வந்த லாஃப்டன்காரனை முட்டிச் சாய்த்தான். வெதர்பி ஜெயித்தது. டில்லின் அப்பா வைத்திருந்த பட்டடை இரும்பு இன்றைக்கும் ஸ்டேடியத்தின் சுரங்க வாசலில் இருக்கிறது. மைதானத்துக்குள் ஓடுகிற ஒவ்வொருவனும் சுத்தியலால் அதை ஒரு தரம் அடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். லாஃப்டன் ஆட்டத்துக்கு மட்டும், டீமிலேயே பெரிய முரடனுக்கு டில்லின் நாற்பத்து நாலாம் நம்பர் போட்ட கறுப்புச் சட்டை. அவன் எல்லோருக்கும் கடைசியாக வந்து மூன்று தரம் அடிப்பான். எண்பதாயிரம் பேர் எழுந்து நிற்பார்கள்.

சுப்பையன் அதோடு கதையை நிறுத்திவிடுவார். அவர் மனைவி சாரதாதான் விடமாட்டாள்.

"அப்பறம் அந்தப் பையனுக்கு என்னங்க ஆச்சு?"

"அப்பறமென்ன, ஜெயிச்சாங்க."

"ஸ்டேடியத்துல அந்தப் பையன் சிலைக்குக் கீழ எழுதியிருக்குதுங்களே. மேட்ச் சனிக்கிழம, செத்தது திங்கக்கிழமன்னு."

"அது அந்தக் காலம் சாரதா. இப்பெல்லாம் டாக்டரு, ப்ரோட்டோகால், டெஸ்ட்டு எல்லாம் வந்துருச்சு."

சாரதா ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். டெஸ்ட் என்பது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையில் அவளும் கொஞ்சம் சமாதானம் ஆகிவிடுவாள்.

அந்த வருஷம் கறுப்புச் சட்டை செழியனுக்கு வந்தது. சும்மா வரவில்லை. வெதர்பியில் அதற்கென்று ஒரு சடங்கு உண்டு. உலை என்று பெயர். லாஃப்டன் ஆட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி மைதானத்தில் டீம் முழுவதும் வட்டமாக நின்று தொடையில் கைதட்டும். நடுவில் இரண்டு பேர். விசில் ஊதியதும் ஓடிவந்து முட்ட வேண்டும். விழுந்தவன் வெளியே, நிற்பவன் உள்ளே. கடைசியில் நிற்பவனுக்குச் சட்டை. குடும்பத்தார் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

சுப்பையன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முதலில் வந்தவனைச் செழியன் மல்லாக்கத் தள்ளி அவன் நெஞ்சின் மேலேயே விழுந்தான். அடுத்தவனின் காறை எலும்பு முறிந்தது. காய்ந்த முருங்கைக் கிளையை ஒடித்த மாதிரி வேலி வரைக்கும் சத்தம் கேட்டது. அவன் புல்லில் புரண்டு அலறினான், இழுத்து வெளியே போட்டார்கள், கைதட்டு நிற்கவில்லை. மூன்றாவது ஆள் செழியனைவிடப் பெரியவன். மூக்குடைந்து வாயெல்லாம் ரத்தமாக அவன் திரும்பத் திரும்ப எழுந்து வந்தான். கடைசி முட்டலில் இரண்டு ஹெல்மெட்டும் நேருக்கு நேர் மோதின. இரண்டு பேரும் விழுந்தார்கள். செழியன் முதலில் எழுந்தான். எழுந்தவன் வட்டத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சுப்பையன் கவனித்தார். கவனித்துவிட்டு விசில் அடித்தார்.

காரில் வரும்போது ஃப்ரீவே ஓரத்தில் நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்தான் பையன். வீட்டில் சமையலறை விளக்கைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டான். பால் கேனை எடுத்துக் குடித்துவிட்டு மைக்ரோவேவில் வைத்து மூடினான். சாரதா வேலைக்குப் போயிருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா. ப்ளீஸ். ட்ரெய்னருக்குத் தெரிஞ்சா என்னை உக்கார வெச்சிடுவாங்க. ஃபார்ட்டி-ஃபோர் வேற எவனுக்காவது போயிடும்."

நல்ல அப்பன் என்றால் அந்த நிமிடமே போனை எடுத்திருக்க வேண்டும். சுப்பையனும் எடுத்தார். எடுத்து, மண்டை அடிபட்டவனைச் சோதித்து ஆட விடலாமா என்று முடிவு செய்கிற அந்த ட்ரெய்னர்கள் என்ன கேள்வி கேட்பார்கள் என்று தேடினார். ஐந்து வார்த்தை சொல்லித் திரும்பக் கேட்பார்கள். எண்களைச் சொல்லிப் பின்னாலிருந்து ஒப்பிக்கச் சொல்வார்கள். மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள். ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்க வைப்பார்கள். அவ்வளவுதானே! சுப்பையன் முகம் தெளிந்தது. இந்த மனிதர் மகளை ஸ்பெல்லிங் பீயில் மாநிலம் வரை கொண்டு போனவர். மகனைக் காலேஜ் நுழைவுக்கான எஸ்ஏடிக்கு மூன்று தரம் உட்கார வைத்தவர். ஆறாம் வகுப்பிலிருந்து இன்று வரை, டெஸ்ட் என்ற ஒன்று முன்னால் வந்தால் அவருக்குத் தெரிந்த காரியம் ஒன்றே ஒன்று. அதற்குப் படிப்பது.

அன்றைக்கே டைனிங் டேபிளில் கோச்சிங் ஆரம்பமானது.

"டேய் கண்ணு, மாசத்தப் பின்னாடியிருந்து சொல்லு."

"டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர், ஆகஸ்ட்... ஜூன்..."

"ஜூலைய உட்டுட்டே. மறுக்காச் சொல்லு."

பையன் மறுபடி சொன்னான். மறுபடி ஜூலையை விட்டான். ஒவ்வொரு தரமும் ஆகஸ்டில் வந்து நின்று, முன்னால் ஏதோ பள்ளம் இருப்பது போலத் தயங்கி, ஜூனுக்குத் தாவினான். சுப்பையன் டேபிளைத் தட்டினார். "ஜூலை! நீ பொறந்த மாசம்டா அது!" மண்டைக்குள் வீங்கிக்கொண்டிருந்ததை அந்த ஜூலை சொல்லிக்கொண்டே இருந்தது. அவருக்கு அது தப்பு விடையாக மட்டுமே கேட்டது.

ஹைஸ்கூல் படிக்கிற மகள் வெண்பா மாடிப்படியில் நின்று பார்த்தாள். "அப்பா, திஸ் இஸ் இன்சேன். அது படிச்சு பாஸ் பண்ற டெஸ்ட் இல்ல. இட்'ஸ் ஹிஸ் பிரெய்ன்."

"நீ போய் உன் ஹோம்வொர்க்கப் பாரு சாமி."

செழியன் வாரம் முழுவதும் வீட்டிலிருந்தே காலேஜுக்குப் போய்வந்தான். ஃபுட் பாய்சன் என்று சொல்லிப் பயிற்சியில் இரண்டு நாள் ஒதுங்கினான். மாலையில் வீட்டில் மனப்பாடம் நடந்தது. சாரதா ஒருநாள் வந்து பார்த்தபோது இருபது வயதுப் பிள்ளை ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மாதங்களை ஒப்பித்துக்கொண்டிருந்தான். என்ன இது என்று கேட்டாள். மெமரி ட்ரெய்னிங், கோச் சொன்னது என்றார் சுப்பையன்.

"சொல்லிக் குடுத்த சொல்லும் கட்டிக் குடுத்த சோறும் எத்தன நாளைக்குங்க?" என்று சிரித்துவிட்டுச் சாதம் வைக்கப் போனாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. 

வெள்ளிக்கிழமைக்குள் ஜூலை ஒழுங்காக வந்துவிட்டது. ஆகஸ்டில் தயக்கமே இல்லை. சுப்பையன் மகனைக் கட்டிப்பிடித்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தார். "உட்டுச் சாத்து!" என்றார்.

சனிக்கிழமை மதியம், நாற்பத்து நாலாம் நம்பரின் குடும்பத்துக்கு வழக்கப்படி முதல் வரிசையில் இடம். வருகிற வழியில் வழக்கப்படியே டில்லின் சிலையின் தலையில் கைவைத்து வணங்கச் சொன்னார்கள். சுப்பையன் வைத்தார். சாரதா கையைக் கட்டிக்கொண்டு, கீழே இருந்த எழுத்தையே படித்தாள்.

சுரங்க வாசலில் இரும்பு மேல் இரும்பு விழுந்தது. ஒன்று, இரண்டு என்று நூறு பேர் அடித்து ஓடியபின் கறுப்புச் சட்டையில் செழியன் வந்தான். மூன்று அடி. ஸ்டேடியம் கத்திய கத்தலில் சுப்பையனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத எண்பதாயிரம் பேர் "செஸ்! செஸ்!" என்று அவர் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

லாஃப்டன்காரர்கள் கொல்ல வந்தவர்கள் போலத்தான் ஆடினார்கள். குவியலுக்குள் கண்ணில் விரல் விட்டார்கள், விழுந்தவன் கணுக்காலை மிதித்துத் திருகினார்கள். வெதர்பியும் சளைக்கவில்லை. செழியன் ஒருவனை இடுப்பில் முட்டித் தூக்கித் தலைகுப்புறப் போட்டான். அவனுடைய ஹெல்மெட் கழன்று உருண்டது, அவன் புல்லில் பல்லைத் துப்பினான். இரண்டாம் பாதியில், பந்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த செழியனின் தாடையில் பக்கவாட்டிலிருந்து ஒருவன் தோளைக் கொடுத்தான். விழுந்தவன் எழுந்து, லாஃப்டன் டீமின் பக்கமாக நடக்கத் தொடங்கினான்.

ட்ரெய்னர் பெண் ஓடிப்போய் அவனைத் திருப்பிக் கூட்டிவந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டாள். அது அவள் கையில் இருக்கும்வரை அவன் ஆட முடியாது. அடிபட்டவர்களைச் சோதிக்க மைதான ஓரத்தில் போட்டிருந்த நீலக் கூடாரத்துக்குள் போனார்கள். கூடாரம் முதல் வரிசைக்கு நேர் கீழே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தது.

"ஏனுங்க, அவன் நட சரியில்லீங்க. கால இழுக்கிறான் பாருங்க. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க, போதும்னு."

"டெஸ்ட் வெப்பாங்க சாரதா. பொறு."

உள்ளேயிருந்து செழியனின் குரல் கேட்டது. டிசம்பர், நவம்பர், அக்டோபர். தங்கு தடையில்லாமல், தண்ணீர்பட்ட பாடாக. சுப்பையனின் உதடும் கூடவே அசைந்தது. சாரதா அந்த உதட்டைப் பார்த்தாள். மெமரி ட்ரெய்னிங் எதற்கு என்று அவளுக்கு அந்தக் கணம்தான் விளங்கியது.

"இதுக்காங்க? இதுக்குத்தான் படிக்க வெச்சீங்களா?" அவள் கம்பி மேல் ஏறிக் கத்தினாள். "மேடம்! மேடம்!" சுப்பையன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவள் திமிறினாள். அவர் விடவில்லை, கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து அவள் கையைக் கீறியது. "இன்னும் ஒரே ஒரு குவார்ட்டர் ஆட்டந்தான் சாரதா. ஒரே ஒரு குவார்ட்டர்." ஞாயிற்றுக்கிழமை வாந்தியெடுத்தான் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். கூட்டத்தின் சத்தத்தில் அவள் குரல் கீழே எட்டவில்லை. எட்டும்படி கத்தக்கூடிய தொண்டை அவருக்கு இருந்தது, அவர் வாயைத் திறக்கவில்லை.

செழியன் வெளியே வந்தான். ட்ரெய்னர் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவன் திரும்ப இறங்கி, மூன்றாவது தரம் பந்து கிளம்பியபோது அது நடந்தது. பெரிய மோதல்கூட இல்லை. பந்தோடு வந்தவனைச் செழியன் தலையால் முட்டினான், அவன் விழுந்தான், செழியனும் விழுந்தான். விழுந்தவனின் இரண்டு கைகளும் வானத்தை நோக்கி விறைத்து அப்படியே நின்றன. விரல்கள் எதையோ பிடிக்கிற மாதிரி வளைந்திருந்தன. பிறகு உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரையும் ரத்தமும் வந்தன. கறுப்புச் சட்டையைக் கத்தரிக்கோலால் கிழித்தார்கள். ஸ்ட்ரெச்சர் சுரங்க வாசலைத் தாண்டும்போது யாரோ ஒருவன் பட்டடையை ஒரு தரம் அடித்தான். விழுந்தவனுக்கு மரியாதையாம், அதுவும் அங்கே வழக்கம். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பின்னாலேயே விசில் ஊதி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

டாக்டர்கள் ரத்தத்தை வெளியேற்ற மண்டையோட்டில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தார்கள். கோச் வந்து, ஜெயித்துவிட்டோம் என்று சொல்லி, கிழித்ததைத் திரும்பத் தைத்த கறுப்புச் சட்டையை மடித்து நீட்டினார். சாரதா அதை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். அவள் கணவனிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். மணிக்கட்டில் கீறல் ஆறும்வரை அதை மூடாமலே வைத்திருந்தாள், அவர் பார்க்கட்டும் என்று. சுப்பையன் பிள்ளையின் காலடியில் உட்கார்ந்து, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னார். ஒரே ஒரு தரம் அப்பா என்று கூப்பிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டார்.

நாட்கள் கழித்து ஒரு காலை, குழாயெல்லாம் எடுத்தபின், செழியன் கண்ணைத் திறந்தான். வலது பக்கம் அசையவில்லை. டாக்டர் குனிந்து பெயர் கேட்டார். பதில் இல்லை. அம்மாவைக் காட்டிக் கேட்டார். பதில் இல்லை. வெண்பா அண்ணன் கையைப் பிடித்தாள், அவன் கையை ஒரு பொருள் போல விட்டுவைத்தான். டாக்டர் சுப்பையனை முன்னால் வரச் சொன்னார்.

"இவர் யாருன்னு தெரியுதா?"

செழியன் அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தான். கண்ணில் ஏதோ தட்டுப்பட்டது. இந்த முகம் ஏதோ கேட்கும், கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவனுக்கு எங்கோ மிச்சமிருந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"டிசம்பர்," என்றான். "நவம்பர். அக்டோபர். செப்டம்பர். ஆகஸ்ட்."

சுப்பையன் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் சரிந்தார். சாரதா அவரைத் தூக்கவில்லை. பையன் நிறுத்தவுமில்லை, தயங்கவுமில்லை. இந்தத் தரம் ஜூலையை விடவில்லை.