மேசைக்கு அடியில் ஒரு கை

வலது கண்ணின் கட்டைப் பிரித்ததும் பெண் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, "ரெண்டு வாரத்துக்குக் குனியக் கூடாதும்மா."

"அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது" என்றாள் பெரியக்கா.

பக்கத்தில் நின்ற மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எழுபத்தாறு வயதிலும் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருகிறவள் பெரியக்கா. பெற்ற மகள் உட்பட ஊரே அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடும்.

எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்து முடித்தாள். அதற்கு அப்பால் சுவர் முழுக்கப் பழைய ராக் இசைத்தட்டுகளின் உறைகள் சட்டம் போட்டுத் தொங்கின. டாக்டருக்குப் பாட்டுப் பைத்தியம். நடுவில் இருந்ததைப் பார்த்ததும் பெரியக்காவின் முகம் சுண்டிவிட்டது. தெரு நடுவே ஒரு நீளமான மேசை, தரை தொடும் வெள்ளை விரிப்பு, அதன் பின்னால் ராஜா வேஷத்தில் நான்கு பாட்டுக்காரர்கள். உலகத்துக்கே தெரிந்த முகங்கள், ஒரு காலத்தில் இந்த ஊருக்கு வந்தபோது எடுத்த படம். இந்தச் சனியனால்தான் தம்பியின் உறவே அறுந்துபோனது.

இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். "எங்க குடும்பத்துல எவனும் அடுத்தவன் காலடியில உக்காந்ததில்ல" என்று பெரியக்கா பெருமையடித்து வாய் மூடவில்லை, பேச்சு பாட்டுப் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையின் சித்தப்பா இந்த இசைத்தட்டைப் பற்றிப் பேச, தச்சு வேலை செய்யும் தம்பி குஷியாகிவிட்டான். "அந்த அட்டைப் படத்துல நான் இருக்கேங்க!" சித்தப்பா விடவில்லை, தன் வீட்டுக்கு ஆள் அனுப்பி இசைத்தட்டை வரவழைத்தார். நான்கு முகங்கள், பின்னால் வேடிக்கை பார்க்கும் கூட்டம், ஜன்னல்கள் என்று ஒன்று விடாமல் தேடினார்கள். தம்பி இல்லை. "எங்கடா இருக்க?" என்று பெரியக்கா கேட்டபோது அவன் வாயைத் திறந்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். "இருக்கேன்க்கா. நல்லா பாருங்க" என்றான், அவ்வளவுதான். சித்தப்பா சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருக்கிறது. "பொய் சொல்றவனுக்கு இந்த வீட்டுல இடம் இல்ல" என்றாள். அவன் சாப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

"எல்லாரும் அந்த நாலு மூஞ்சியத்தான் பாப்பாங்க" என்றார் டாக்டர், அவள் பார்வை போன இடத்தைக் கவனித்து. "எனக்கு ஒளிஞ்சிருக்கறதுதான் பிடிக்கும். மாடியில ஒரு பூனை இருக்கு, தெரியுதா? இப்ப கீழ வாங்க. விரிப்போட ஓரம்."

பெரியக்கா எழுந்து கிட்டே போனாள். விரிப்பு லேசாக விலகியிருந்த இடத்தில், விரிசல் விட்ட மேசைக்காலை ஒரு கை இறுகப் பிடித்திருந்தது. மோதிர விரல் பாதிதான் இருந்தது.

அப்பாவின் ரம்பத்தை எடுத்து விளையாடி, தம்பி ஏழு வயதில் அந்த விரலை அறுத்துக்கொண்டான். தன் பாவாடையைக் கிழித்துச் சுற்றி, ஆஸ்பத்திரிவரை அவனை இடுப்பில் சுமந்து ஓடியவள் அவள்தான்.

படத்துக்காக அவன் செய்துகொடுத்த மேசை. படம் எடுக்கும் நேரத்தில் அதன் கால் விட்டுப்போயிருக்கிறது. நான்கு பேரின் காலடியில் புகுந்து தாங்கிப் பிடித்திருக்கிறான். அதை அன்றைக்கு எப்படிச் சொல்வான், அதுவும் அவள் அப்படிப் பேசிய பிறகு?

"கண்ணு உறுத்துதாம்மா?" என்றார் டாக்டர்.

"இல்ல. நல்லா தெரியுது. நீ நல்லா இருக்கணும்மா." இரண்டாம் தடவையும் அதையே சொன்னாள். அவள் கைகள் தாமாகவே குவிந்ததை மகள் வாய் பிளந்து பார்த்தாள்.

"வீட்டுக்குத்தானே?" என்று ஆட்டோவில் ஏறியதும் மகள் கேட்டாள்.

"உன் மாமன் பட்டறைக்கு விடச் சொல்லு."

வழி நெடுக மரங்களின் இலைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கண் திறந்துவிட்ட அந்தப் பெண்ணுக்கும், சட்டம் போட்டு மாட்டிய அவள் பைத்தியத்துக்கும், தம்பி இன்னும் உயிரோடு இருப்பதற்கும் யாரிடம் நன்றி சொல்வது என்று தெரியாமல் பெரியக்கா மடியில் விரல்களைக் கோத்து வைத்திருந்தாள்.

பட்டறையில் யாரும் கண்ணில் படவில்லை. நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை, அதன் அடியிலிருந்து திருகாணி முடுக்கும் சத்தம். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டியிருந்தன. சேலைக் கரையைப் பார்த்திருக்க வேண்டும், சத்தம் நின்றது.

"வெளிய வாடா" என்றாள் பெரியக்கா. "டாக்டர் என்னைக் குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

மரத்தூள் மெல்ல உதிர்ந்தது.

"படத்தைப் பாத்துட்டேன்டா. நல்லா பாத்தேன்."

எழுந்து வரப் பிடிமானம் தேடுவதுபோல, மேசையின் விளிம்பில் ஒரு கை மேலே வந்தது. மரத்தூள் படிந்த விரல்கள், ஒன்று பாதி. பெரியக்கா அதன்மேல் தன் கையை வைத்தாள்.