கூடவே வந்த பள்ளம்

அந்தப் பள்ளம் சாலையை விட்டுக் கிளம்பி, கண்ணாடிக்காரரின் காரோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு மழைக்கால வியாழக்கிழமை. மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது, காரின் முன்பக்க இடது சக்கரம் அதற்குள் இறங்கி நின்றது. முக்கால் முழ ஆழம், ஒரு பக்கம் உடைந்த தார் விளிம்பு, உள்ளே முந்தின நாள் மழைத் தண்ணீர். சிமெண்டுத் தரையில் தார்ப் பள்ளம் எப்படி வந்தது என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். கேட்டுவிட்டு, வேலைக்கு நேரமாகிறதென்று போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை தெளிந்தது அவர் தயவில்தான். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தார்; தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து டீச்சர் உண்டாகியிருந்தார். அந்த வியாழக்கிழமை அவருக்கு ஐந்தாம் மாதம், பரிசோதனைக்காக இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காருக்குக் கண்ணாடிக்காரர் ஆசைப்பட்டுத் தனியாகச் சொல்லிப் போட்ட அலாய் சக்கரங்கள். ஞாயிறுதோறும் பழைய பல் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அவற்றின் இடுக்கெல்லாம் தேய்ப்பார். பிள்ளை பிறந்தால் அதற்காவது இந்தக் கவனிப்பு கிடைக்குமா என்று டீச்சர் கேலி செய்வதுண்டு. கிடைக்குமென்று அவரும் சத்தியம் செய்வார்.

சாலை முழுக்கத் தண்ணீர் நின்றதால் பள்ளம் எது, தரை எது என்று தெரியவில்லை. கார் ஒரு பக்கம் விழுந்து எழுந்தது. கண்ணாடிக்காரர் மழையில் இறங்கி ஓடி, சேற்றில் மண்டியிட்டு, சக்கரத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "ஐயோ, அலாய் போச்சே!" என்றார். முன் சீட்டில் டீச்சர் இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டே அதையே இன்னொரு தடவை சொன்னார். பிறகு வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் துடிப்பு கேட்கவில்லை. டாக்டர் நல்லவர், விவரமாகவே சொன்னார். "ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடியே நின்னுருக்கும்மா. பள்ளத்துல விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." கண்ணாடிக்காரர் அந்த வாக்கியத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பியபோது டீச்சர் பின்கதவைத் திறந்து, பின்சீட்டின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் முன்னால் உட்காரவில்லை.

இதற்கிடையில் அந்தச் சாலை வழித்துவிட்டாற்போல் சமமாகிவிட்டது. சாலைக்குப் பொறுப்பான இன்ஜினியர் முதலில் திகைத்து, அப்புறம் தானே செய்த வேலை என்று சொல்லிக்கொண்டார். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். பள்ளமோ கண்ணாடிக்காரரின் காரை விடவில்லை. கார் எங்கே நின்றாலும் வளைந்த சக்கரத்துக்குக் கீழே வந்து படுத்துக்கொள்ளும். கடை வாசலில் நின்றால் கடை வாசலில், பள்ளிக்கூடத்தில் நின்றால் அங்கே. கார் நகர்ந்ததும் தரை பழையபடி மூடிக்கொள்வதால் யாருக்கும் நஷ்டமில்லை, யாரும் புகார் சொல்லவுமில்லை. கண்ணாடிக்காரர் அதில் ஜல்லி கொட்டினார், சிமெண்டு கொட்டினார். எல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கோடையில் ஊர்க் கிணறுகள் வற்றியபோதும் அதிலிருந்த தண்ணீர் வற்றவில்லை. வளைந்த சக்கரத்தைப் பார்த்தவர்களெல்லாம், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொள்ளும்படி ஆறுதல் சொன்னார்கள். அவரும் தலையாட்டிவைத்தார்.

சக்கரம் நிமிர்த்துகிறவருக்கு ஊரில் வட்டம் என்று பெயர். தட்டோ டம்ளரோ வளையலோ, எதைக் கண்டாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோணல் தேடுகிற மனிதர். அவர் சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, விளிம்பு ஓரிடத்தில் மட்டும் ஏறி இறங்குவதைக் காட்டினார். பதமாகச் சூடு காட்டி, ஜாக்கியை முட்டுக்கொடுத்து அழுத்தி நிமிர்த்தினார். காரில் மாட்டி போல்ட்டை முறுக்கி முடிப்பதற்குள் அது பழையபடி வளைந்துகொண்டது. மறுபடி நிமிர்த்தினார், மறுபடி வளைந்தது. கண்ணாடிக்காரர் புதுச் சக்கரமே வாங்கிப் போட்டார். விடிந்து பார்த்தால் அதுவும் அதே இடத்தில் வளைந்து, பள்ளத்துக்குள் நின்றது. கடைசியில் வட்டம், அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் யோசனையைச் சொன்னார்.

"சார், இதைப் பின்னாடி மாத்திடறேன். பின்னால இருக்கறதை முன்னாடி போட்டுடலாம். ஸ்டியரிங் ஆடாது. ஓட்டறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

"எனக்குத் தெரியாம இருந்தா போதும்" என்றார் கண்ணாடிக்காரர்.

அப்படியே செய்தார்கள். பின்னாலென்றால் அதே பக்கம், இடது பின்சக்கரம். அன்றிலிருந்து ஸ்டியரிங் வெண்ணெயில் கத்தி வைத்ததுபோல் திரும்பியது. கண்ணாடிக்காரரின் கைக்கு எதுவும் தெரியவில்லை, நாளடைவில் மற்றதும் தெரியாமல் போனது. சோற்றில் உப்பு குறைந்தாலும் கூடினாலும் ஒன்றாகவே சாப்பிட்டார். வளைந்த விளிம்பு வழியாகக் காற்று இறங்கும் என்பதால், தினமும் காலையில் கைப்பம்பால் அந்தச் சக்கரத்துக்குக் காற்றடித்தார். பிறகு டீச்சரைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். மூன்று வருடம் இப்படியே ஓடியது. டீச்சர் பின்னால் உட்கார்ந்து வருவதால், பள்ளிக்கூடத்துப் புது வாட்ச்மேன் அவரை டிரைவர் என்று நினைத்து, வண்டியை ஓரமாக நிறுத்தப்பா என்றார். கண்ணாடிக்காரர் நிறுத்தினார். வீட்டில் டீச்சர், "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்று சுவரிடம் சொல்வார். சுவர் அதை அவரிடம் சொல்லும்.

நான்காம் வருடம் டீச்சர் தன் அக்கா இருக்கும் ஊருக்கு மாற்றல் கேட்டார், கிடைத்துவிட்டது. சாமான் கட்ட ஒத்தாசையாக அக்கா வந்தார். நின்று பேசத் தெரிந்தவர், கார் ஓட்டவும் தெரிந்தவர். கடைத்தெருவுக்குப் போகும்போது, டீச்சர் வழக்கமாக உட்காரும் இடத்தில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்து இறங்கியபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"எப்படிடி இதுல இத்தனை வருஷம் உட்கார்ந்து வந்தே?"

"பழகிடுச்சுக்கா."

அக்கா நேரே கண்ணாடிக்காரரிடம் வந்து சாவியைக் கேட்டார். "தம்பி, இன்னிக்கு நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி அவ இடத்துல உட்காருங்க" என்றார். மாட்டேன் என்று சொல்லுமளவுக்குக்கூட அவரிடம் தெம்பில்லை. போய் உட்கார்ந்தார்.

கார் கிளம்பியதும் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடி சீட்டின் அடியிலிருந்து கிளம்பி அடிவயிற்றில் விழுந்தது. அதை அவர் எதிர்பார்த்திருந்தார். ஒவ்வொரு இடியோடும் ஒரு குரல் வந்ததை எதிர்பார்க்கவில்லை. ஐயோ, அலாய் போச்சே. ஐயோ, அலாய் போச்சே. மெதுவாகப் போனால் மெதுவாக, வேகமாகப் போனால் வேகமாக. அது அவர் குரல்தான், மழையில் நனைந்திருந்தது. தெரு முனை வருவதற்குள் அவர் அக்காவின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். முன்சீட்டில் இருந்த அக்காவுக்கு அப்போது எதுவுமே கேட்கவில்லை.

அன்றே கண்ணாடிக்காரர் காரை வட்டத்திடம் கொண்டுபோய், வளைந்த சக்கரத்தை முன்னாலேயே மாட்டச் சொன்னார். வட்டம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தார். "எல்லாரும் பின்னாடி மாத்தத்தான் சார் கேப்பாங்க. முன்னாடின்னா உங்க கை ரெண்டும் ஆடிப்போயிடும்."

"ஆடட்டும்."

அக்கா சாமான் லாரியோடு முன்னால் போய்விட்டார். மறுநாள் மாலை டீச்சரை பஸ் ஏற்றிவிட வேண்டியது மட்டும் பாக்கி. டீச்சர் ஒரு பெட்டியோடு வந்து வழக்கம்போல் பின்னால் உட்கார்ந்தார். கார் நகர்ந்ததும் ஸ்டியரிங் கண்ணாடிக்காரரின் கைகளை உதறியது; மணிக்கட்டு, முழங்கை, தோள், தாடை எல்லாம் நடுங்கின. பின்சீட்டு அமைதியாக இருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அங்கே எந்தக் குரலும் இல்லை. டீச்சர் சீட்டைக் கையால் தடவிப் பார்த்தார், பிறகு அவர் கைகளைப் பார்த்தார்.

பஸ் நிலையத்துக்கு ஆஸ்பத்திரிச் சாலை வழியாகத்தான் போக வேண்டும். இன்ஜினியருக்குச் சால்வை வாங்கிக்கொடுத்த அந்த இடம் மேசை மாதிரி சமமாகக் கிடந்தது. வானத்தில் மேகமே இல்லை. ஆனாலும் அங்கே வந்ததும் கார் ஒரு பக்கம் விழுந்து எழுந்தது, மழைத் தண்ணீர் கண்ணாடி மேல் அடித்தது. கண்ணாடிக்காரர் வண்டியை நிறுத்தினார். பழக்கதோஷத்தில் கை கதவுப் பிடிக்குப் போனது. அதை அப்படியே விட்டுவிட்டு, முழு உடம்பையும் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"உனக்கு... உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

பின்னால் வந்த வண்டிகள் ஹார்ன் அடித்து, திட்டி, ஒதுங்கிப் போயின.

"ஆச்சு" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு அவர் நிறையச் சொன்னார். அது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும். கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி வாய்விட்டு அழுதார். டீச்சர் பிடிக்க வேண்டிய பஸ் போயிற்று, அதற்கு அடுத்ததும் போயிற்று. இருட்டுகிற நேரத்தில் டீச்சர் இறங்கி வந்து முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். இன்னும் கோபம் தீரவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். வீடு வரைக்கும் ஸ்டியரிங் நடுங்கிக்கொண்டேதான் வந்தது. பாதி வழிக்கு மேல் டீச்சரும் அதில் ஒரு கை வைத்திருந்தார்.

மாற்றலை அந்த வருடம் தள்ளிப்போட்டார், அடுத்த வருடம் மறந்துபோனார். அக்கா சாமானையெல்லாம் வேறொரு லாரியில் ஏற்றி, திட்டிக்கொண்டே திருப்பி அனுப்பினார். சக்கரத்தை வட்டம் மறுபடி நிமிர்த்தினார். இந்தத் தடவை அது நிமிர்ந்தே நின்றது. ஒரு வாரம் கழித்து, காற்று இறங்குகிறதா என்று பார்க்க அவரே வீட்டுக்கு வந்தார். காரின் நான்கு சக்கரங்களும் சமதரையில் நின்றன. பள்ளம் மட்டும் காரை விட்டு விலகி, வாசற்படிக்குப் பக்கத்தில், வெயில் படாத இடமாகப் பார்த்து, தூங்கும் பிள்ளை மாதிரி ஒதுங்கிப் படுத்திருந்தது. தண்ணீர் அப்படியே இருந்தது. உள்ளே போக அவர் காலை அகட்டி அதைத் தாண்டப்போனார்.

"தாண்டாதீங்க" என்றார் டீச்சர் உள்ளிருந்து. "சுத்தி வாங்க."

வட்டம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சுற்றிக்கொண்டு வந்தார்.