மூப்பர் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு கேள்வி

அந்தக் கிறிஸ்தவ சபையில், நிர்வாகம் பார்க்கும் மூப்பர் பொறுப்புக்கு நிற்பவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவர் வீட்டாரைத்தான் கேட்பார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, தேர்தல் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் போதகர் பேரைப் படிப்பார். அந்த ஆளுடைய மனைவியோ மகளோ தங்கையோ எழுந்து நிற்க வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்று: "வீட்டுல நீங்க சொல்றதை இவர் காது கொடுத்துக் கேட்கிறாரா?"

சபையை ஆரம்பித்த ஏழெட்டுக் குடும்பங்கள் ஏற்படுத்திய வழக்கம் அது. வீட்டில் நாலு பேர் பேச்சைக் கேட்காத ஆள், சபையில் நானூறு பேர் பேச்சை எங்கே கேட்கப்போகிறான் என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் நல்ல யோசனைகளுக்கு என்ன கதி வருமோ அதுதான் இதற்கும் வந்தது. நாற்பது வருஷத்தில் வெறும் சம்பிரதாயமாகிவிட்டது. எழுந்தவர் "கேட்கிறார்" என்பார், சபை "ஆமென்" என்னும், அவர் உட்கார்ந்துவிடுவார். வேறு பதில் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

கண்ணாடிக்கடை அக்கா அந்தப் பதிலை இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். நாளைக்கு மூன்றாம் முறை சொல்ல வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் கடையில் உட்கார்ந்து ஒரு பெரியவரின் கண்ணாடிக்குப் புது மூக்குத்தாங்கி மாட்டிக்கொண்டிருந்தவளுக்கு, கடுகு மாதிரித் திருகாணி மூன்று தடவை விரலிலிருந்து நழுவியது. மூன்று தடவையும் மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடினாள். பெரியவர் பொறுமைசாலி. கண்ணாடி இல்லாததால் அவள் தவழ்ந்ததும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

அவள் கணவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ஊரும் சபையும் அவரை அப்படியேதான் கூப்பிட்டன. கெட்டவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது, மனைவியிடம் கை நீட்டியது கிடையாது. காலையில் அவள் எழுவதற்குள் டீ போட்டு, மூடி வைத்துவிட்டு டிப்போவுக்குக் கிளம்புவார். அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை இருக்கும். சர்க்கரையே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷமாகிறது. அவளும் அதை அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. ஒவ்வொரு தடவையும் "அப்படியா, சரி சரி" என்பார். மறுநாளும் இரண்டு ஸ்பூன் இருக்கும். அவர் தெரு முனை திரும்பியதும் அதைக் கொட்டிவிட்டு வேறு போட்டுக்கொள்வாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சபை அவரை எதற்காகத் தேர்ந்தெடுத்தது என்று கேட்டால், குரலுக்காகத்தான். அவர் ஜெபிக்க எழுந்தால் மைக்கை அணைத்துவிடலாம். கணீரென்று இருக்கும், கடைசி வரிசைவரை கேட்கும், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இப்படிப் பேசத் தெரிந்தவருக்குக் கேட்கவும் தெரியும் என்று எல்லாரும் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். இது ஒன்றும் அந்தச் சபையோடு நிற்கிற முட்டாள்தனம் இல்லை.

பொறுப்புக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தியது. ஆராதனை ஒன்பதுக்கு என்றால் ஒன்பதுக்குத்தான். தாமதமாக வருகிறவர்கள் வெளிப்படியில் நிற்க வேண்டும். பிரசங்கம் முடிந்து பத்தேகாலுக்குக் கதவு திறக்கும், அப்போது கடைசி ஜெபத்துக்கு உள்ளே வரலாம். "பஸ்சே யாருக்காகவும் நிக்கிறதில்ல, ஆண்டவர் நிக்கணுமா?" என்பார். முதல் மாதம் எல்லாரும் பாராட்டினார்கள். இப்போதுதான் சபைக்கு ஒழுங்கு வந்தது என்றார்கள். இரவு வேலை பார்க்கிற நர்ஸுகள், கைக்குழந்தைக்காரிகள், காவல்காரர்கள், படுத்த படுக்கையான மாமியாரைக் குளிப்பாட்டிவிட்டு ஓடி வருகிறவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் நேரத்துக்கு வந்தவர்கள்தானே.

நிற்காமல் வந்துகொண்டிருந்தது சலவை அக்கா ஒருத்திதான். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இரவு ஷிப்டு அவளுக்கு. எட்டரைக்கு வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி வந்தால் ஒன்பது இருபது ஆகிவிடும். தனியாள். ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். படியில் உட்கார்ந்து, சாத்திய கதவில் காதை வைத்து, உள்ளே பாடுகிற பாட்டைத் தானும் பாடிவிட்டுப் போவாள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கண்ணாடிக்கடை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வலது கை அப்பப்ப மரத்துப்போகுது அக்கா. தலை சுத்துது. டாக்டர்கிட்டப் போகணும், தனியாப் போகப் பயமா இருக்கு. சபையிலிருந்து யாராவது கூட வருவாங்களா?" நோயாளிகளைப் பார்க்கப் போகிற குழு மூப்பரின் கையில்தான் இருந்தது. அன்றைக்கே வீட்டில் கணவரிடம் சொன்னாள். ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் "சரி சரி" என்றார். புதன்கிழமை சாப்பாட்டின்போது சொன்னாள். "பாவம்" என்று சொல்லிவிட்டுக் குழம்பு கேட்டார். அடுத்த ஞாயிறு சபைக்குப் போகிற வழியில் சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். மூன்று தடவை சொல்லியாகிவிட்டது, நம் பொறுப்பு தீர்ந்தது என்று அவளும் இருந்துவிட்டாள். தன் காலால் நடந்து அந்த ரூமுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

அதற்கடுத்த ஞாயிறு சலவை அக்கா படியில் இல்லை. கதவைச் சாத்தினால் நாலு பேர் வராமல் போவது சகஜமாகிவிட்ட சபையில், ஒருத்தி வராததை யார் கண்டார்கள்? குழாய் வேலை செய்கிற அண்ணன் ஒருவர்தான், "இன்னைக்குப் படியில பாட்டுச் சத்தம் கேக்கலையே" என்று விசாரித்து, முகவரி கண்டுபிடித்து, ரூம் பூட்டை உடைத்தார். தரையில் கிடந்தாள். விழுந்து இரண்டு நாளாகியிருந்தது. சீக்கிரம் பார்த்திருந்தால் கையையும் பேச்சையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அடுத்த வாரம் டைம் கீப்பர் அவளுக்காகப் பத்து நிமிஷம் ஜெபித்தார். மனமுருகி, குரல் உடைந்து, நிஜமாகவே அழுதார். கதவு மட்டும் ஒன்பது மணிக்குச் சாத்தியபடியே இருந்தது.

கண்ணாடிக்கடை அக்கா இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே போதகர் கடைக்குள் வந்தார். நல்ல மனுஷன். யாரோடும் மனஸ்தாபம் வேண்டாம் என்பதே அவருடைய கொள்கை.

"நாளைக்கு ரெண்டு பேர் நிக்கிறாங்கம்மா. உங்க வீட்டுக்காரர், அப்புறம் குழாய்க்கார அண்ணன். ஒருத்தரைத்தான் எடுக்கப்போறோம். நீங்க எழுந்து வழக்கமா சொல்றதைச் சொன்னாப் போதும்."

"ஐயா, வழக்கமா சொல்றதைச் சொல்ல முடியலைன்னா?"

போதகர் கைக்குட்டையை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த நெற்றியை மறுபடியும் துடைத்தார். "அந்த மாதிரி இதுவரைக்கும் வந்ததில்லையேம்மா" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறுக்கித் தரச் சொன்னார். இறுக்கிக் கொடுத்தாள்.

சாயங்காலம் வீட்டில் டைம் கீப்பர் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கூடவே நன்றி சொல்லும் பேச்சையும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. இருபத்தாறு வருஷத் தாம்பத்தியம். டிப்போவில் எவனும் மதிக்காத அந்த மனுஷனுக்கு, நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்கிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். நாளைக்கு அதைத் தன் வாயாலேயே பிடுங்க வேண்டுமா? பிடுங்கினால் இந்த வீட்டில் அதற்கப்புறம் எப்படி இருப்பது?

"என்னங்க. நாளைக்கு நான் எழுந்திரிக்கலைன்னா என்ன ஆகும்?"

"மூட்டு வலியா? உக்காந்துகிட்டே சொல்லு, நான் போதகர்கிட்டச் சொல்லிக்கிறேன்" என்றார் அவர், காலர் மடிப்பில் கவனமாக. அன்போடுதான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாள் முதலில் குழாய்க்கார அண்ணனின் பேரைப் படித்தார்கள். அவருடைய மகள் எழுந்தாள், கல்லூரியில் படிக்கிறவள். "கேட்பாங்க ஐயா. கேட்டுட்டு, அப்புறம் என்னாச்சுன்னு மறுநாளும் கேட்பாங்க, அதுக்கு மறுநாளும் கேட்பாங்க. உயிரை வாங்கிடுவாங்க" என்றாள். சபை சிரித்தது. அண்ணன் வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டார். அவருக்கு நாலு பேர் முன்னால் சேர்ந்தாற்போல நாலு வரி பேச வராது. ஜெபம்கூட இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும்.

அடுத்து டைம் கீப்பர். போதகர் கேள்வியைப் படித்தார். கண்ணாடிக்கடை அக்கா எழுந்து, முன்வரிசை பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்க மாட்டார்" என்றாள்.

சபை இன்னும் பெரிதாகச் சிரித்தது. அந்தப் பெண் ஆரம்பித்த விளையாட்டை இவளும் தொடர்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். டைம் கீப்பரும் சிரித்தார். போதகர்கூடச் சிரித்துக்கொண்டே "ஆமென்" சொல்லப் போனார். அப்படியே உட்கார்ந்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. சொன்னதும் ஆயிற்று, யாருக்கும் நோகவும் இல்லை. அப்புறம் அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது. மூன்று தடவை சொல்லிவிட்டு இருந்துவிட்டதும் இதே லட்சணம்தானே.

"நான் விளையாட்டுக்குச் சொல்லல ஐயா. இவர் நல்லவர். என்னை ஒரு நாளும் கஷ்டப்படுத்தினதில்ல. ஆனா நான் சொல்றது எதுவும் இவர் காதுல விழுறதில்ல. சலவை அக்காவுக்குக் கை மரத்துப்போகுது, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்னு மூணு தடவை சொன்னேன். யாரும் போகல. நானும் போகல, அது என் தப்பு. என் தப்புக்கு நான் ஆண்டவர்கிட்டப் பதில் சொல்லிக்கிறேன். போன ரெண்டு தேர்தல்லயும் கேட்கிறார்னு சொன்னேன். ரெண்டாவது தடவை சொன்னது பொய். இன்னைக்கும் அதையே சொன்னா, அடுத்தது யார் தரையில கிடப்பாங்களோ தெரியல."

டைம் கீப்பர் மெதுவாகத் திரும்பினார். கோபப்படுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள்.

"எங்கிட்டயா? எப்பம்மா சொன்ன?" என்றார்.

அவர் மழுப்பவில்லை. பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. அந்தக் கேள்வியில் இருந்த வெகுளித்தனத்தைக் கண்டு சபையே தலை குனிந்தது. ஆறு வருஷமாக அவரிடம் எதையாவது சொல்லி "சரி சரி" வாங்கிக்கொண்டு போன ஒவ்வொருவருக்கும் அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவர்கள் முகத்தையெல்லாம் அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தனக்கு மட்டும் தெரியாத ஒன்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ஐயா, என் பேரை எடுத்துடுங்க" என்றார். பின்வரிசைக்காரர்களுக்கு அது கேட்கவில்லை. என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று பக்கத்திலிருந்தவர்களைக் கேட்டார்கள். குழாய்க்கார அண்ணனுக்குக் கைகள் உயர்ந்தன. அவர் எழுந்து, "முதல்ல கதவை ஆராதனை முடியிற வரைக்கும் திறந்தே வைப்போம். மத்ததை ஒவ்வொருத்தரா வந்து சொல்லுங்க, கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதுதான் அவருடைய முதல் பேச்சு. ரொம்ப நாளைக்கு அதுவே கடைசிப் பேச்சாகவும் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது டைம் கீப்பர் எப்போதும் பத்தடி முன்னால் போவார். அன்றைக்குப் பக்கத்திலேயே நடந்தார். பூட்டிய கடைகளையும் பஸ் நிறுத்தத்தையும் தாண்டினார்கள். வீடு நெருங்கும்போது நின்றார்.

"வேற என்னெல்லாம் எங்கிட்டச் சொல்லியிருக்க?"

எங்கிருந்து ஆரம்பிப்பது? "அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அவருக்குத் தெரியாது. புதன்கிழமைதோறும் அவள் போய் வருகிற இடம் அது. போய் வந்து சொல்லவும் சொல்லியிருக்கிறாள்.

அன்று மத்தியானமே இரண்டு பேரும் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார்கள். ஜன்னலோரக் கட்டிலில் சலவை அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டைம் கீப்பரைக் கண்டதும் இடது கையால் போர்வையை அவசர அவசரமாகச் சரிசெய்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. முகமெல்லாம் கோணிக்கொண்டு, பாதி எழுத்து வந்தது, மீதி எழுத்துக்கு நேரம் பிடித்தது. "லே... லேட்... ஆயிடுச்சு... ஐயா... மன்னி..."

அந்த ஆறு வருஷத்தில் தான் என்ன செய்தோம் என்று மனைவி சொல்லிப் புரியாதது, சபை பார்த்த பார்வையில் முழுசாகப் புரியாதது, அந்தப் பாதி வார்த்தையில் அவருக்குப் புரிந்தது. அவர் அழவில்லை, ஜெபிக்கவும் இல்லை. ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் ஏதோ சொல்ல முயன்றாள். நடுவில் புகுந்து வார்த்தையை எடுத்துக்கொடுக்கக் கண்ணாடிக்கடை அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. கணவர் கையைக் காட்டி வேண்டாம் என்றார்.

நாலு மணிக்கு நர்ஸ் வந்தாள். "பார்க்கிற நேரம் முடிஞ்சுதுங்க."

"தெரியும்மா" என்றார் டைம் கீப்பர், கடிகாரத்தைப் பார்க்காமல். "அவங்க இன்னும் சொல்லி முடிக்கல."