அம்புலன்சின் முன்கதவு

1

இந்தக் கதை சென்ற செவ்வாய்க்கிழமை என் வலது காலில் பிறந்தது.

பக்கத்து வளவு ஜெஸீமா நனைந்த வெள்ளை விரிப்பொன்றை உதறிக் கொடியில் போட்டார். கதிரையில் சும்மா இருந்த என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. ஓய்வூதியம் எடுக்கும் அறுபத்தொரு வயதுக் காலுக்கு அப்படி என்ன அவசரம்? பிறகு சொல்கிறேன். அதற்கு முன் என் குணத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும்: நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவேன். இந்தக் 'கொஞ்சம்' மட்டும் குறைத்துச் சொன்னது.

2

முதல் தொடக்கம்: 'கிண்ணியாத் துறையில் மாலைச் சூரியன்…'

(வேண்டாம். எல்லார் கதையிலும் வந்து வந்து அதற்கும் களைப்பு.)

இரண்டாவது: 'இரத்தினேஸ்வரி மிகவும் அழகான—'

(அடித்துவிட்டேன். வாசித்தால் ஏசுவார்.)

மூன்றாவது தொடக்கம் நிற்கட்டும். நிலாவெளிக்காரியான இரத்தினேஸ்வரி 1958இல் கிண்ணியாவுக்கு அரசாங்க மருத்துவிச்சியாக வந்தார். ஊருக்கு அவர் 'மிஸி'. கிண்ணியாவுக்கும் பட்டினத்து ஆஸ்பத்திரிக்கும் நடுவே முதலில் ஒரு கடற்கழி, அதற்கப்பால் பன்னிரண்டு கட்டை, அதாவது பன்னிரண்டு மைல், றோட்டு. கழியைக் கடக்க, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவை. ஆட்கள் கம்பியைப் பிடித்து இழுத்தால் அது நகரும். முட்டையோடு ஏறினால் குஞ்சோடு இறங்கலாம்.*

அம்புலன்ஸ் அக்கரையில் நிற்கும். இக்கரையில் யாருக்காவது கடுமை என்றால் மிஸி துறைக் கம்பத்தில் வெள்ளை விரிப்பை ஏற்றுவார். விரிப்பு ஏறினால் பாதை லொறிகளுக்குக் காத்திராமல் புறப்பட வேண்டும். அக்கரையில் சாரதி கோணாமலை ஸ்ட்ரெச்சரை வெளியே எடுக்க வேண்டும். யாரும் ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. அதுதான் ஒழுங்கு.

* கால் மணித்தியாலந்தான்.

3

போகும்போது மிஸி பின்னால், நோயாளியின் கையைப் பிடித்தபடி. திரும்பும்போது நோயாளி இல்லை. ஆகவே முன்னால், சாரதிக்குப் பக்கத்தில்.

வாசகரே, இந்தக் கதை முழுவதும் அந்த முன் ஆசனத்தில்தான் இருக்கிறது. ஆறு வருடம், பன்னிரண்டு கட்டை. ஊரில் ஒருவருக்கு உயிர் போகிற மாதிரி வந்தால்தான் இவர்கள் இருவருக்கும் ஒரு பயணம். அதை வேண்டிக்கொள்ளவும் ஏலாது, வேண்டாமென்று சொல்லவும் மனம் வராது.

ஒருநாள் சீனக்குடா றெயில்வே கேற் மூடியிருந்தது. பிள்ளை பெற்ற வீட்டார் இனிப்புக்குக் கொடுத்த தொதலை மிஸி இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியைக் கோணாமலையிடம் நீட்டினார்.

"இந்தக் கேற் எப்ப திறப்பான்?"

"ஏன் மிஸி, அவசரமோ?"

"இல்லை. சும்மா கேட்டனான்."

றெயில் போனது. கேற் திறந்தது. அம்புலன்ஸ் உடனே நகரவில்லை. பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. அவனுடைய நெஞ்சு அப்போது என்—

(நெஞ்சு அவனுடையது. வசனத்தை விட்டுவிடுகிறேன்.)

4

1964இல் நல்ல காலம் வந்தது. கிண்ணியாவிலேயே புது வார்ட், ஒரு டொக்டர், டெலிபோன். பிரசவத்துக்கு இனிக் கழி கடக்கத் தேவையில்லை. அம்புலன்ஸ் இனிப் பட்டினத்தில் நிற்கும். கூப்பிட்டால் வேறு சாரதி வருவான். கம்பத்தைக் கழற்றிவிடலாம்.

இதற்கு மனு எழுதியவர் யார்? இரத்தினேஸ்வரிதான். முதல் கையெழுத்தும் அவருடையது. முந்திய வருடம் உம்மு குல்சும் என்ற பெண்ணுக்குக் கழி நடுவில் பிள்ளை பிறந்து, அழாமலே போயிற்று. அன்று தாயை ஆஸ்பத்திரியில் விட்டுத் திரும்பும்போது, கழுவிய ஈரக் கையோடு மிஸி முன் ஆசனத்தில் ஏறினார். அடுத்த நாள் மனு எழுதினார். அதனால் எது போகும் என்று தெரிந்தே எழுதினார்.

(தெரிந்தே? இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆனாலும் அப்படியே இருக்கட்டும். எனக்கு அது வேண்டும்.)

5

அம்புலன்ஸ் அக்கரையில் நிற்கும் கடைசி நாள். பின்னேரம் மூன்று மணி. புது டொக்டர் வார்டில் வந்து குந்தியாயிற்று. யாருக்கும் ஒன்றுமில்லை. இரத்தினேஸ்வரி விரிப்பை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். திரும்ப எடுத்தார். துறைக்கு நடந்துபோய்க் கம்பத்தில் ஏற்றினார்.

பாதைக்காரர் ஸைனுலாப்தீன், ஊரார் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுபவர், லொறிகளை ஒதுக்கிவிட்டு ஓடிவந்தார்.

"மிஸி, ஆளெங்க?"

"நான்தான், காக்கா."

"உங்களுக்கா? என்ன செய்யுது?"

"நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி."

காக்கா அவரைப் பார்த்தார். அக்கரையைப் பார்த்தார். பிறகு ஆட்களிடம் திரும்பிக் கத்தினார்: "இழுங்கடா! இது ஆறு வருசத்து வருத்தம்!"

அக்கரையில் கோணாமலை ஸ்ட்ரெச்சரோடு நின்றான்.

"ஆர் நோயாளி, மிஸி?"

"நான். நெஞ்சுக்குள்ள…"

அவன் முகம் வெளிறிப்போயிற்று. "ஐயோ! கதையாதேங்கோ. படுங்கோ!"

"கோணாமலை, நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ—"

"நெஞ்சு நோகேக்குள்ள கதைக்கக் கூடாது. நீங்கதானே சொல்லித் தந்தனீங்கள்!"

படுக்கவைத்தான். பின்கதவைச் சாத்தினான். மிதித்தான்.

மிஸி பின்னாலிருந்து தடுப்புப் பலகையில் தட்டினார். நோ கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் மிதித்தான். தட்டத் தட்ட மிதித்தான். சீனக்குடாவில் கேற் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அடித்த மணியில் கேற்காரன் பயந்து திரும்ப உயர்த்திவிட்டான். நாற்பது நிமிட றோட்டை ஏழு நிமிடத்தில் முடித்தான்.*

பட்டினத்து ஆஸ்பத்திரி டொக்டர் குழாய் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். இரத்தினேஸ்வரி கட்டிலிலிருந்து இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு, வாசலில் வேர்த்து நின்ற கோணாமலையைப் பார்த்தார்.

"நல்லா ஓடினீங்கள்," என்றார். பஸ்ஸில் திரும்பிப் போனார்.

 * இருபத்திரண்டு நிமிடம். கூட்டிச் சொல்லாமலே போதிய வேகம்.

6

பின்னால் தட்டியபோது அவர் முகம் எப்படி இருந்தது? எழுத ஏலாது. நான் பார்க்கவில்லை. நான் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓம். கோணாமலை நான்தான். அவர் விரிப்பை மடித்து வைத்ததும் திரும்ப எடுத்ததும் என் கற்பனை. பாதையில் நடந்த கதையை ஸைனுலாப்தீன் காக்கா மறுநாள் சொன்னார். "மடையா, உனக்குத்தானடா அந்த விரிப்பு ஏறினது!" என்று சொல்லிவிட்டு, தலையில் ஒரு குட்டும் போட்டார்.

நான் போகவில்லையா? போனேன். மூன்று கிழமை வெட்கப்பட்டு, நாலாவது கிழமை போனேன். மிஸிக்கு ஈச்சிலம்பற்றுக்கு இடமாற்றம் என்றார்கள். ஈச்சிலம்பற்று வெகு தூரம்.

(தூரமில்லை. பயம்.)

எனவே முடிவுகள். (அ) கேற் மூடுகிறது. ஆயிரம் பெட்டி கோத்த றெயில் வருகிறது. (ஆ) ஐந்தாம் கட்டையில் பெற்றோல் தீர்கிறது. (இ) அவன் ஒருக்காக் கேட்கிறான்: "நெஞ்சுக்குள்ள எப்படி, மிஸி?"

மூன்றையும் அடித்துவிட்டேன். எந்த முடிவிலும் என் கால் மிதித்துக்கொண்டே இருக்கிறது.

ஆகவே சாரதி ஆசனத்தில் நீங்கள் ஏறுங்கள். விரிப்பு ஏறியிருக்கிறது. பாதை கழியின் நடுவில் வருகிறது. அதில் ஒரே ஒரு பெண் நிற்கிறார். ஸ்ட்ரெச்சர் உள்ளேயே கிடக்கட்டும். பின்கதவில் கை வைக்காதீர்கள். முன்கதவைத் திறந்து பிடியுங்கள்.

பிறகு, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், மெதுவாக ஓடுங்கள்.