தூசிச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்த பொருள்

2025ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். பட்டாபிராமில் வானம் வெளிறிக் கிடந்தது, மேகம் இல்லை, மேற்கிலிருந்து வெப்பக்காற்று சீராக வீசியது. குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் தட்சிணாமூர்த்தி இவ்விவரங்களைத் தம் மொட்டைமாடியில் நின்று உரக்க அறிவித்தார். கேட்பதற்கு அங்கே சங்கச் செயலாளர் பாண்டியன் ஒருவர்தாம் இருந்தார். அவரும் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குள் பாதி போயிருந்தார்.

அறிவிப்பு முடிந்ததும் தட்சிணாமூர்த்தி தம் கறுப்புக் குடையை விரித்தார்; ஈரத்துணியால் துடைத்தார்; உலரவிட்டு, மாடியின் நடுவில் வைத்து, அதன் காம்பைச் செங்கல்லோடு சேர்த்துக் கட்டினார்.

“இன்னா சார், மழை வர்ற மாரி கீதா?” என்றார் பாண்டியன்.

“தூசி வருதான்னு பார்க்கத்தான் இது. காத்து அவங்க பக்கமிருந்து நம்ம பக்கம் அடிக்குது. கறுப்புத் துணியிலே ஒரு பொட்டு விழுந்தாலும் தெரியும். இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது.”

“அவங்க” என்று அவர் குறிப்பிட்டது மேற்கே அடுத்த வீட்டு ஜுல்ஃபிகரை. பழைய மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் உறை, சக்கர வளையம் முதலியவற்றின் மீது அழுத்தக் காற்றால் மணலைப் பீய்ச்சித் துருவை உரித்தெடுப்பது அவர் தொழில். வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையே பட்டறை. தொடக்கத்தில் ஆற்றுமணலைப் பயன்படுத்தினார். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது என்று ஒரு மருத்துவர் சொன்னதும், கார்னெட் என்னும் சிவந்த கல்பொடிக்கு மாறினார், முகமூடி அணிந்தார், கொட்டகையில் தூசி தங்காதிருக்கக் கிழக்குச் சுவரில் ஒரு மின்விசிறியைப் பொருத்தி, உள்ளிருந்ததையெல்லாம் வெளியே தள்ளினார். கொட்டகை தெளிந்தது. கிழக்குச் சுவருக்கு அப்பால், தட்சிணாமூர்த்தியின் மனைவி சாவித்திரியின் மாடியில், அரிசி வடாம் காய்ந்துகொண்டிருந்தது.

வடாம் எண்ணெயில் நன்றாகவே பொரிந்தது. வாயில் போட்டபோதுதான் நறநறத்தது. விருந்துக்கு வந்திருந்த நாத்தனார் மென்று முடித்து, “உப்பு சரியாத்தான் இருக்கு அண்ணி, மணலைத்தான் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்” என்றார். மறுநாள் காலை சாவித்திரியின் புகார் சுகாதார அலுவலகம் போய்ச் சேர்ந்தது.

சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தார். தூசியை அடக்கிவிட்டதாகச் சங்கத் தலைவரும் புகார் தந்தவரும் கையெழுத்திட்ட தீர்மானம் திங்கட்கிழமை மாலைக்குள் தம் கைக்கு வந்தால் புகாரை முடித்துவிடுவதாகவும், வராவிட்டால் கொட்டகைக்குப் பூட்டுப் போடுவதாகவும் சொல்லிச் சென்றார். ஜுல்ஃபிகருக்கு வேறு கொட்டகை இல்லை. தெரிந்த வேறு தொழிலும் இல்லை.

ஆகவே அவர் மின்விசிறியைக் கழற்றிச் சுவரை அடைத்துவிட்டு, ஒரு பழைய ஃப்ரிட்ஜை வாங்கிவந்து கிடத்தினார். அதன் கதவில் கண்ணாடி பதித்தார். பக்கத்தில் இரு துளைகளிட்டு முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறைகளை மாட்டினார். இனிப் பொருளும் மணலும் பெட்டிக்குள்; கைகள் உறைக்குள்; ஆள் வெளியே. உள்ளே எழும் தூசியை ஒரு குழாய் உறிஞ்சி நீல நிற டிரம்முக்குள் சுழற்றிவிடும். கனத்தது டிரம்மின் அடியில் விழும். மிஞ்சியது துணிப்பையில் வடிகட்டப்படும். அதற்கும் தப்பியது தண்ணீருக்குள் மூழ்கும். ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் விளிம்பு, முன்பு குளிரை வெளியே விடாதது போலவே, இப்போது தூசியை வெளியே விடாது என்பது அவர் கணக்கு.

குடையை மாடியில் விட்டுவிட்டுத் தட்சிணாமூர்த்தியும் பாண்டியனும் கொட்டகைக்குள் நுழைந்தபோது, ஜுல்ஃபிகர் எரியும் ஊதுபத்தியைப் பெட்டியின் விளிம்பு நெடுகக் காட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னா பாய், மிஷினுக்கு தூபம் காட்டிகினு கீற?”

“ஓட்டை கீதான்னு பாக்கறேன் பாண்டியண்ணே. பொகை உள்ள போவுது பாரு. காத்து வெளிய வர்ல, உள்ளதான் இழுக்குது. அப்போ தூசும் வெளிய வராது.”

ஊதுபத்தியின் புகை கதவிடுக்கில் வளைந்து, ஒரு நூலைப் போல உள்ளே நுழைந்து மறைந்தது. தட்சிணாமூர்த்தி அதைக் குனிந்து பார்த்தார். அவருக்குத் திருப்தி ஏற்பட்டது. ஏற்பட்ட திருப்தியை உடனே சந்தேகிப்பது அவர் வழக்கம். ஓய்வு பெறும் வரை வங்கிக் கிளைகளைத் தணிக்கை செய்தவர் அவர்.

“ஜுல்ஃபிகர், நீங்க வெறும் காத்தை மட்டும் அடிச்சுட்டு, தூசியே இல்லேன்னு சொல்லலாம். சொல்லுவீங்கன்னு சொல்லலை. சொல்லலாம்.”

“அப்டிலாம் பண்ண மாட்டேன் சார்.”

“அதனாலே சோதனைப் பொருளை நானே கொண்டுவந்திருக்கேன். உரிஞ்சா உண்மை, உரியலேன்னா பொய்.”

அவர் மஞ்சள் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். வட்டமாக இருந்தது, கனமாக இருந்தது, தார்ச் சாலையின் ஒரு துண்டைப் போலக் கறுத்திருந்தது. தம் வீட்டிலேயே மிக அழுக்கான இரும்பை அன்று காலை தேடியபோது, போட்டிக்கு வேறு எதுவும் அருகில் வரவில்லை. சாவித்திரியைக் கேட்க வழியில்லை. இம்முறை நறநறக்காத வடாமை ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டு, இழந்த பெயரை மீட்பதற்காக வேப்பம்பட்டில் இருக்கும் அதே நாத்தனார் வீட்டுக்கு விடியற்காலை ரயிலில் அவர் போயிருந்தார். வீட்டுக்காரி திரும்பும்போது இருபது ஆண்டு அழுக்கு நீங்கியிருக்கும் என்பதைச் சோதனையின் உபரிப் பயனாகத் தட்சிணாமூர்த்தி மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

“செம்ம கரி சார்,” என்றார் ஜுல்ஃபிகர், தொழில்முறை மரியாதையோடு. “எங்க புடிச்சீங்க? என் சைலன்சருங்க கூட இத்தினி கறுப்பு இல்ல.”

பாண்டியன் அதை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். அவருக்கும் எதுவும் தோன்றவில்லை. மூவருமே அன்றாடம் காலையில் தட்டைத்தான் பார்த்து உண்பவர்கள். அடுப்பைப் பார்த்தவர்கள் அல்லர்.

கம்ப்ரசர் உறுமியது. பெட்டிக்குள் மணல் சீறியது. கண்ணாடிக்கு அப்பால் கறுப்பு உரிந்து, சாம்பல் நிறம் வட்டம் வட்டமாக விரிந்தது. தட்சிணாமூர்த்தி கொட்டகையின் மூலைகளில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். வெள்ளைக் கைக்குட்டையால் மேசையைத் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. ஜுல்ஃபிகர் ஒருபக்கத்தோடு நிறுத்தவில்லை. கையெழுத்து கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மறுபக்கத்தையும் விளிம்பையும், யாரும் கேட்காமலே, ஒரு புள்ளி விடாமல் உரித்தார்.

பிறகு மூவரும் மாடிக்குப் போனார்கள். குடைத்துணியில் காகம் ஒன்று இட்டுச்சென்றதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

“அது பாய் மிஷின்லேர்ந்து வர்ல சார்,” என்றார் பாண்டியன். “நான் சாட்சி.”

கொட்டகைக்குத் திரும்பியதும், தட்டச்சு செய்து வைத்திருந்த தீர்மானத்தைத் தட்சிணாமூர்த்தி மேசையில் விரித்தார், பேனாவைத் திறந்தார், தம் பெயருக்கு மேல் கையெழுத்திட்டார். இரண்டாவது இடம், புகார் தந்தவருக்குரியது, வெறுமையாக இருந்தது.

அந்த நேரத்தில் ஜுல்ஃபிகரின் மனைவி ஷாகிதா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். மேசையின் மேல் வெள்ளி போல மின்னிய வட்டத்தைப் பார்த்தார். அதன் விளிம்பில் கோணிப்போயிருந்த கைப்பிடி வளையத்தைப் பார்த்தார். தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

“யா அல்லாஹ். இது சாவித்திரி அக்கா தோசைக்கல்லு.”

“ஆமாம், தோசைக்கல்தான்,” என்றார் தட்சிணாமூர்த்தி. “எவ்வளவு சுத்தமாயிருக்கு பாருங்க.”

“சுத்தமா? சார், அது அழுக்கு இல்ல சார். பழக்கின கல்லு. எண்ணெ ஊத்தி ஊத்தி, வருஷக்கணக்கா சுட்டு சுட்டு ஏத்தின கறுப்பு. அது மேலதான் தோசை வழுக்கினு வரும். ஒரு வாட்டி அவசரத்துக்குக் கேட்டேன். ‘என் தாலியக் கூட கேளு, தரேன், கல்லக் கேக்காத’ன்னுச்சு அக்கா.” பிறகு கணவரின் பக்கம் திரும்பினார். “யோவ், ஊட்ல கல்லு பாத்ததே இல்லியா நீ? டெய்லி எதுல சுட்டுப் போட்றேன்னு நெனச்ச?”

“நான் ஏதோ கிளச் பிளேட்டு மாரின்னு...” என்று ஜுல்ஃபிகர் தொடங்கி, முடிக்கவில்லை. அவர் கண் தீர்மானத்தின் வெற்றிடத்தில் நின்றது. அங்கே கையெழுத்திட வேண்டியவரின் கல்லைத்தான் அவர் விளிம்பு வரை உரித்திருந்தார்.

“சைலன்சர் பெயின்ட் ஒரு கோட்டு அடிச்சுடலாமா பாய்?” என்றார் பாண்டியன். “கறுப்பாயிரும். யாருக்குத் தெரியும்?”

“அதுல மொத தோசை உனக்குத்தான் அண்ணே,” என்றார் ஷாகிதா.

சாவித்திரி மாலை ரயிலில் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது, நாத்தனார் வடாமை இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றிருந்தார். சமையலறைக்குள் போனார். கூடத்தில் தட்சிணாமூர்த்தி செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைக் கவனித்துத் திருப்பிக்கொண்டார்.

“என்னங்க, இது என்ன?”

“தோசைக்கல்.”

“யாரோடது?”

“நம்மோடது.”

“நம்மோடது கறுப்பா இருக்கும்.”

“அது... தூசிச் சோதனைக்காக. சோதனை முழு வெற்றி, சாவித்திரி. குடையிலே ஒரு பொட்டு இல்லை.”

சாவித்திரி கல்லின் மீது விரலை ஓட்டினார். சொரசொரத்தது. காலையில் வெள்ளியாக இருந்ததில் மாலைக்குள் லேசான செந்துரு பூத்திருந்தது. அவர் கத்தவில்லை. மாடிக்குப் போய்க் குடையைப் பார்த்தார். இறங்கி, தெருவைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக் கொட்டகைக்குப் போனார். ஜுல்ஃபிகர் எழுந்து நின்றார்.

“தம்பி, தூசி வரலை. அதை ஒத்துக்கறேன்.”

“அக்கா, அந்தக் கல்லு...”

“அந்தத் தீர்மானத்தைக் கொடுங்க. என் கையிலே இருக்கட்டும். வடாம் விவகாரம் முடிஞ்சுது. இப்ப இருக்கறது கல் விவகாரம். தலைவரும் நீங்களும் சேர்ந்து உரிச்சீங்க. சேர்ந்தே பழக்கிக் கொடுங்க. என்னிக்கு அதிலே தோசை கிழியாம எழும்புதோ, அன்னிக்குக் கையெழுத்து.”

“திங்கக்கெழமக்குள்ள பூட்டு போட்ருவாங்கக்கா.”

“அப்ப சீக்கிரம் ஆரம்பிங்க.”

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இரு ஆண்களும் சாவித்திரியின் அடுப்புக்கு முன் நின்றார்கள். ஜுல்ஃபிகர் உப்புத்தாளை நனைத்து, முதலில் தடித்ததும் பிறகு மெல்லியதுமாக, மணல் குத்திய முகத்தை வழவழப்பாகும் வரை தேய்த்தார். தட்சிணாமூர்த்தி பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, நல்லெண்ணெயில் தோய்த்து, கல் புகையும் வரை தடவினார், ஆறவிட்டார், மீண்டும் தடவினார். முதல் தோசையைக் கல்லிலிருந்து பிரிக்க, சுரண்டி தேவைப்பட்டது. இரண்டாவது துண்டுகளாக வந்தது. மூன்றாவது எந்த வடிவத்திலும் வரவில்லை.

“தோசையா சார் இது?” என்றார், பார்க்க வந்த பாண்டியன். “பொடிமாஸ் மாரி கீது.”

சாவித்திரியின் ஆணைப்படி, கல்லில் ஊற்றிய எதுவும் வீணாகக் கூடாது. எனவே கருகியது, கிழிந்தது, ஒட்டியது அனைத்தையும் தட்சிணாமூர்த்தியே உண்டார். சாவித்திரிக்குப் பசி இல்லையாம். அடுக்கடுக்காகத் தோசை கிழிந்த அந்த வீட்டில், அவருக்கு மட்டும் ஞாயிறு காலையிலும் இரவிலும் பசி இல்லை.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆய்வாளரின் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பிவிட்டதாகப் பாண்டியன் ஓடிவந்து சொன்னார். சமையலறையில் ஐந்து பேர் நின்றார்கள். ஜுல்ஃபிகரின் நெற்றியில் வியர்வை. ஷாகிதா முந்தானையால் வாயை மூடியிருந்தார். அது பிரார்த்தனையா சிரிப்பா என்று தெரியவில்லை. கல் மீண்டும் கறுக்கத் தொடங்கியிருந்தது. கறுப்பு என்று சொல்ல முடியாத, சாம்பலும் அல்லாத ஒரு நிறம்.

சாவித்திரி தாமே மாவை ஊற்றினார். வட்டமாக இழுத்தார். எண்ணெய் விட்டார். காத்திருந்தார். தோசைத்திருப்பியை ஓரத்தில் செருகினார். ஓரம் எழும்பியது. நடுவே ஒரு கணம் தயங்கியது. ஜுல்ஃபிகர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு முழுத் தோசையும், நடுவில் விரல் நுழையும் அளவு ஓர் ஓட்டையோடு, எழுந்து புரண்டது.

“ஓட்டை கீதே,” என்றார் பாண்டியன், நேர்மையாக.

“நீ ஊதுபத்தி காட்டாத அண்ணே,” என்றார் ஷாகிதா.

“சாவித்திரி,” என்றார் தட்சிணாமூர்த்தி, தளர்ந்த குரலில், “நீயும் ரெண்டு நாளா சாப்பிடலை. முதல்லே இதை நீ சாப்பிடு.”

“இன்னா சார், உங்களுக்குத் தெரியாதா?” என்றார் பாண்டியன். “அம்மா ரெண்டு நாளா பாய் ஊட்டுக் கல்லுல முறுவலா சுட்டு சாப்ட்டுகினு கீறாங்களே. ஷாகிதாம்மா வச்ச கறிக்கொழம்ப எனக்குக் கூட ஊத்துனாங்க.”

தட்சிணாமூர்த்தி மனைவியைப் பார்த்தார். “என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நீங்க ஒரு வார்த்தை கேட்டுட்டா கல்லை எடுத்தீங்க?”

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. சாவித்திரி அடுப்பைத் தணித்தார், கையைத் துடைத்தார், அலமாரியில் டப்பாவின் அடியிலிருந்த தீர்மானத்தை எடுத்து ஒருமுறை முழுதாகப் படித்தார். கணவரின் பேனாவை வாங்கி, பட்டறை தொடர்ந்து நடக்கலாம் என்ற வரிக்குக் கீழே ஒரு நிபந்தனையை எழுதினார்: சங்கத் தலைவர் கொண்டுவரும் எந்தப் பொருளையும் இப்பட்டறையில் ஏற்கக் கூடாது. அதன் கீழ் கையெழுத்திட்டார். ஓரத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் பட்டிருந்த அந்தத் தாளை, இரு கைகளையும் நீட்டி நின்ற ஜுல்ஃபிகரிடம் கொடுத்தார்.